வயிறு இறுகுவதைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைப்பிரசவத்துக்கு வரும் பெண்களும், பிரசவ வார்டில் புதிதாகச் சேரும் செவிலியர்களும் வலியைத்தான் தேடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது இறுக்கத்தை. தொப்புளுக்கு மேலே விரல் நுனிகளை மெதுவாக வைத்திருந்தால், கருப்பை சுருங்கும்போது அது நெற்றியைத் தொட்டாற்போல் கெட்டியாகிப் பின்பு தளர்வது தெரியும். ஒரு பக்கம் மட்டும் புடைத்து நகர்ந்தால், அது பெரும்பாலும் குழந்தையின் அசைவுதான்.

எட்டாம் மாதத்தில் 'சூட்டு வலி' என்று வீட்டிலேயே முடிவு கட்டுவது

இன்றும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இது. 32 வாரக் கர்ப்பிணி ஒருவருக்கு மாலையிலிருந்தே இடுப்பு கடுத்து, வயிறு இறுகி இறுகித் தளர்ந்திருக்கிறது. பெரிதாக வலிக்கவில்லை என்பதால், வீட்டார் சீரகத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் எங்களிடம் வந்தபோது கருப்பை வாய் ஏறக்குறைய முழுவதும் திறந்திருந்தது. குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசியை 12 மணி நேர இடைவெளியில் நான்கு முறை போட வேண்டும். எங்களால் ஒன்றைத்தான் போட முடிந்தது. முந்தைய இரவே வந்திருந்தால் அந்தக் குழந்தை மூச்சுக்கு அவ்வளவு போராடியிருக்காது என்றே நினைக்கிறேன்.

1872-இல் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்த பொய் வலி உண்மையானதுதான். அது ஒழுங்கின்றி வந்து, தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து, ஓய்வெடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மாதம் நிறைந்தவர்கள் அப்படிச் சற்றுப் பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் 37 வாரம் நிறைவதற்கு முன் ஒரு மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் வயிறு இறுகினாலோ, மாதவிடாய் வலி போன்ற கடுப்பு விட்டு விட்டு வந்தாலோ, வலி கூடட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குறைமாதப் பிரசவம் பல நேரம் அதிக வலியின்றியே தொடங்குகிறது. சிறுநீர்த் தொற்றும் இப்படி வயிற்றை இறுக வைக்கலாம். மருத்துவமனைக்கு வந்தால் அதற்கும் சிகிச்சை கிடைக்கும்.

இடைவெளியைத் தவறாக அளப்பது

ஓர் இறுக்கம் தொடங்கிய நேரத்திலிருந்து அடுத்தது தொடங்கும் நேரம் வரை அளக்க வேண்டும். இடைவெளி குறைந்து, ஒவ்வொன்றும் நீண்டு, வலுத்துக்கொண்டே போனால் அது பிரசவ வலி.

நீர்க்குடம் உடைந்தும் வலிக்காகக் காத்திருப்பது

கூடாது. இரத்தம் பட்டாலும் அப்படியே.

குழந்தையின் அசைவு குறைந்தபின்னும் இறுக்கத்தை எண்ணிக்கொண்டிருப்பது

எண்ண வேண்டாம், 108-ஐ அழைத்து உடனே புறப்படுங்கள்.