வில்டா, விதரா? வாடலுக்கு ஏற்ற ஆங்கிலச் சொல்

முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத் தொட்டியில் வெயிலுக்குத் துவண்ட துளசி மாலைக்குள் நிமிர்ந்தால் அது 'வில்ட்' (wilt). இலை மொரமொரவென்று காய்ந்து, இனி பிழைக்காது என்றால் 'விதர்' (wither). பிள்ளைகள் கட்டுரையில் சறுக்குவது இங்கேதான். சமையல் குறிப்பில் கீரையை 'வில்ட்' செய்யச் சொன்னால் வதக்கச் சொல்கிறார்கள்; 'விதர்' என்று எழுதினால் சட்டியில் சருகுதான் மிஞ்சும்!

'ட்ரூப்' (droop) தொங்குவதை மட்டும் சொல்லும், காரணம் கேட்காது. தூக்கத்தில் செருகும் இமைக்கும் பொருந்தும். ஈரத்துணியின் பாரத்தில் மூங்கில் கழி நடுவில் வளைந்தால் 'சாக்' (sag). தோல் சுருங்கிய திராட்சைக்கு 'ஷ்ரிவல்' (shrivel).

'ஃபேட்' (fade) பெரும்பாலும் நிறம், ஒலி, நினைவு மங்குவதற்கு. பூவுக்கும் வரும், ஆனால் தேக்கா சந்தை மல்லிகைச் சரம் துவண்டதைக் காட்ட 'வில்ட்'தான் துல்லியம்.