ஸ்கைலைட் ஒழுகுமா, சுடுமா? கூரையைத் திறக்கும் முன் செய்ய வேண்டியவை

மதுரையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு மேலே ஸ்கைலைட், அதாவது வெளிச்சம் இறங்கக் கூரையில் கண்ணாடி போட்ட திறப்பு, வைக்கப் போகிறேன் என்றதும், மேஸ்திரி முதல் மாமனார் வரை எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "கூரையில் ஓட்டை போட்டால் ஒழுகத்தானே செய்யும்?"

இத்தனைக்கும் எல்லோரும் ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்கள். அந்த வீடுகளில் அடுக்களைக்கு மேலே, ஓடுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். அதன் வழியே இறங்கும் வெளிச்சத்தில் முறத்தை வைத்துக்கொண்டு பாட்டி அரிசியில் கல் பொறுக்குவார். அடுப்புப் புகை அந்த ஒளிக்குள் சுருண்டு சுருண்டு மேலேறும். ஒரே ஒரு ஓடு. அடுக்களைக்கு அது போதுமானதாக இருந்தது. மேல்வரிசை ஓடு கீழ்வரிசை ஓட்டின் மேல் படிந்திருந்ததால் தண்ணீர் நிற்க இடமில்லாமல் சரிந்து ஓடியது. கான்கிரீட் தளத்தில் ஸ்கைலைட் வைப்பவர்களும் இந்த இரண்டையும்தான் பின்பற்ற வேண்டும்: சின்ன அளவு, தண்ணீர் நிற்காத அமைப்பு.

படி 1: அளவை முடிவு செய்யுங்கள்

பெரிதாக வைத்தால் நல்ல வெளிச்சம் வரும் என்பது முதல் தவறு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1000 வாட் வெப்பம் விழுகிறது. 3 அடிக்கு 3 அடி கண்ணாடி என்றால் 800 வாட்டுக்கு மேல். அதில் பெரும்பகுதி சாதாரணக் கண்ணாடி வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். கூடத்தின் நடுவே ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டு வைத்ததற்குச் சமம்.

100 சதுர அடி அறைக்கு 3 முதல் 5 சதுர அடித் திறப்பு போதும். மாடிப்படிக்கு 2 அடிக்கு 2 அடி தாராளம்.

படி 2: தளத்தில் திறப்பு

புது வீடு என்றால் கம்பி கட்டும்போதே திறப்பை விட்டு, அதைச் சுற்றிக் கூடுதல் கம்பியும், நான்கு மூலைகளிலும் குறுக்குக் கம்பியும் போடச் சொல்லுங்கள். விரிசல் முதலில் மூலையில்தான் விழும். பழைய தளத்தை வெட்டுவதாக இருந்தால், கட்டமைப்புப் பொறியாளர் நேரில் வந்து பார்க்காமல் யாரையும் உளியைத் தொட விடாதீர்கள். பீமை வெட்டவே கூடாது. திறப்பில் 4 அங்குல இடைவெளியில் இரும்புக் கிரில் கட்டாயம் வேண்டும். திருடனைத் தடுப்பதோடு, மொட்டைமாடியில் விளையாடும் குழந்தை தவறி விழாமலும் அதுதான் காக்கும்.

படி 3: விளிம்புச் சுவர்

ஒழுகுவதும் ஒழுகாததும் இங்கேதான் முடிவாகிறது. எங்கள் வீட்டில் முதல் மழையிலேயே படிக்கட்டுச் சுவரில் ஈரம் கோடாக இறங்கியது. கண்ணாடிதான் காரணம் என்று சொல்லி இரண்டு முறை சிலிகான் பூசினார்கள். ஈரம் நிற்கவில்லை. பிறகு மொட்டைமாடியில் பதித்திருந்த தட்டோட்டைப் பெயர்த்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: வாட்டர் புரூஃபிங் பூச்சைச் சுவரின் அடியோடு நிறுத்தியிருந்தார்கள். தளமும் சுவரும் சேரும் மூலையில் மயிரிழை அளவு பிளவு. தண்ணீர் அதன் வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை.

சரியான முறை இதுதான். திறப்பைச் சுற்றி, தட்டோடு பதித்து முடிந்த மட்டத்திலிருந்து 9 அங்குல உயரத்துக்குச் சுவர் எழுப்புங்கள். பலரும் வெறும் தளத்திலிருந்து அளந்துவிடுகிறார்கள். சுருக்கியும் (தட்டோட்டுக்கு அடியில் போடும் செங்கல், சுண்ணாம்புக் கலவை) தட்டோடும் போட்ட பிறகு பாதி உயரம்தான் மிஞ்சும். சுவர் தளத்தைத் தொடும் மூலையைக் கூர்மையாக விடாமல் சாந்தால் உள்வளைவாகப் பூசச் சொல்லுங்கள். வாட்டர் புரூஃபிங் பூச்சு அந்த வளைவின் மேல் ஏறி, சுவரில் குறைந்தது 6 அங்குலமாவது போக வேண்டும். மொட்டைமாடித் தண்ணீர் ஓடும் பக்கத்துச் சுவரை 9 அங்குலத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்கச் சுவரை அதைவிட உயரமாகக் கட்டினால் கண்ணாடிக்குச் சரிவு கிடைக்கும். 3 அடி நீளத்துக்கு 6 அங்குலச் சரிவு கொடுத்தால் தண்ணீர் நிற்காது, மழையே தூசியையும் கழுவிவிடும்.

கண்ணாடியைச் சுவருக்குள் பதிக்காதீர்கள். நான்கு பக்கமும் 2 அங்குலம் வெளியே நீட்டி, தொப்பிபோல் மேலே உட்கார வையுங்கள். சிலிகான் பூசலாம், ஆனால் அதை மட்டும் நம்பி நீட்டத்தைக் குறைக்காதீர்கள்.

படி 4: எந்தக் கண்ணாடி?

"டஃபன்டு (சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடி) போட்டால் உடையாது" என்று கடையில் சொல்வார்கள். அது உடையும், உடைந்தால் சிறு சிறு துண்டுகளாக மொத்தமும் கீழே கொட்டும். தலைக்கு மேலே வைக்க லேமினேட்டட் கண்ணாடிதான் சரி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டிய படலம், விரிசல் விட்டாலும் துண்டுகளை விடாமல் பிடித்துக்கொள்ளும். தென்னை மரம் பக்கத்தில் இருந்தால் திறப்பை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

பாலிகார்பனேட் ஷீட் மலிவு, எடையும் குறைவு. பெரும்பாலான ஷீட்டுகளில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால் சீக்கிரமே மஞ்சளாகிவிடும். வெயிலில் அது விரியும் என்பதால் திருகுத் துளையைச் சற்றுப் பெரிதாகப் போடுங்கள்.

படி 5: வெயிலை வெளியிலேயே நிறுத்துங்கள்

உள்ளே திரை போட்டால் சூடு குறையும் என்று நினைக்கிறார்கள். கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெப்பம் திரையில் பட்டு வீட்டுக்குள்ளேயேதான் தங்கும். மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். சித்திரையில் ஸ்கைலைட்டுக்கு மேலே ஒரு அடி உயரத்தில் பச்சை நிழல்வலை கட்டிப் பாருங்கள், மாற்றம் தெரியும்.

படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நான் சொல்வது வேறு அமைப்பு. மேலே கான்கிரீட் மூடி, வடக்குப் பக்கத்தில் மட்டும் செங்குத்தாக நிற்கும் கண்ணாடி. "வடக்கில் வெயிலே வராது" என்பதும் நம் ஊருக்குப் பொருந்தாது. மதுரையில் ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். அதனால் ஒரு அடி உயரக் கண்ணாடிக்கு 4 அங்குலமாவது மூடி வெளியே நீள வேண்டும். எதிர்ப்பக்கச் சுவரில் கொசுவலையோடு சிறு காற்றுத்துளைகள் விட்டால் மேலே தேங்கும் சூடான காற்றும் வெளியேறிவிடும்.

படி 6: பணம் கொடுப்பதற்கு முன் சோதனை

கண்ணாடி வைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். மழைநீர்க் குழாய்களை அடைத்து, விளிம்புச் சுவரைச் சுற்றி மணலால் வரப்பு கட்டி, 2 அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். 48 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். பிறகு கீழே ஏணி போட்டு ஏறி, திறப்பின் நான்கு மூலைகளையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஈரம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் கைக்குக் குளிர்ச்சியாகத் தெரியும். நான்கு மூலையும் காய்ந்திருந்தால் கண்ணாடியை ஏற்றச் சொல்லலாம்.