ட்ரோன் மேப்பிங்குக்கு ஜிசிபி மார்க்கர் வீட்டுலயே செய்யலாம்
ஜிசிபின்னா (Ground Control Point) ட்ரோன் படங்கள வச்சு செய்யுற மேப் சரியான இடத்துல உக்கார, இடத்த அளந்து தரையில வைக்கிற அடையாளம். பழைய ஃபிளெக்ஸ் பேனர் இருந்தா போதும், 60 செமீ சதுரமா வெட்டி நாலு கட்டமா பிரிச்சு எதிரெதிர் கட்டம் ரெண்டுக்கு கறுப்பு, மத்த ரெண்டுக்கு வெள்ளை அடிங்க, பெயிண்ட் கண்டிப்பா மேட்டா இருக்கணும், பளபளப்பா இருந்தா வெயில் பட்டு படத்துல வெள்ளையா கூசி நடுப்புள்ளியே தெரியாது. சைஸ் ரொம்ப முக்கியம்ங்க! ட்ரோன் படத்துல ஒரு பிக்சல் தரையில 3 செமீன்னா 60 செமீ மார்க்கர் 20 பிக்சல் வரும், கம்ப்யூட்டர்ல நடுப்புள்ளிய கரெக்டா கிளிக் பண்ணலாம். மூலைல ஓட்டை போட்டு ஆணி அடிச்சிடுங்க, காத்துல நகர்ந்தா அளந்தது வீண். ஓரத்துல பெருசா நம்பர் எழுதுங்க. குறைஞ்சது அஞ்சு மார்க்கர் வைங்க, நாலு மூலைலயும் நடுவுலயும், மேடு பள்ளம் இருந்தா அங்கயும். நடுப்புள்ளிய ஆர்டிகே ஜிபிஎஸ்ல (செமீ அளவுக்கு துல்லியமா இடம் காட்டுற கருவி) அளங்க, போன் ஜிபிஎஸ் மீட்டர் கணக்குல தப்பும். கூட ரெண்டு மூணு மார்க்கர் வச்சு, அத ப்ராசஸிங்ல (படங்கள சேர்த்து மேப் ஆக்குறப்ப) சேர்க்காம செக் பண்ண மட்டும் வச்சுக்கோங்க.