திடப்படுத்தல் வகுப்பில் ஐந்தாம் கற்பனையை நடத்துவது எப்படி

தங்கள் விசுவாசத்தைச் சபைமுன் உறுதிப்படுத்தப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவதுதான் திடப்படுத்தல் வகுப்பு. அதில் “கொலை செய்யாதிருப்பாயாக” என்று வாசித்ததும் பிள்ளைகள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவார்கள். பத்துக் கற்பனைகளில் (கட்டளைகளில்) தாங்கள் மீறாத ஒன்றாவது கிடைத்துவிட்டதே என்ற நிம்மதி அது. முதல் பத்து நிமிடத்துக்குள் அதைக் கலைக்காவிட்டால் மீதி நேரம் முழுவதும் ஊரில் நடந்த கொலைகளைப் பற்றிய பேச்சாகவே போய்விடும்.

ஒரு மணி நேர வகுப்புகள் இரண்டு வேண்டும். ஒரே வகுப்பில் முடிக்கப் பார்த்தால், கற்பனையின் இரண்டாம் பாதிதான், அதாவது பிறனுக்கு உதவுவதுதான், விடுபடும். லுத்தரன் போதனையின் கனமே அந்தப் பாதியில்தான் இருக்கிறது. வேதாகமம், மார்ட்டின் லுத்தர் கேள்வி-பதிலாக எழுதிய போதனைநூலான சிறிய ஞானோபதேசம், கரும்பலகை, ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் இருந்தால் போதும்.

முதலில் எண் குழப்பத்தைத் தீர்த்துவிடுங்கள். ஆங்கிலிக்கன், சீர்திருத்த சபைகளில் இது ஆறாம் கற்பனை. லுத்தரன்களும் கத்தோலிக்கரும் விக்கிரகத்தைப் பற்றிய வசனத்தை முதல் கற்பனையோடு சேர்த்து, இச்சையைப் பற்றியதை ஒன்பது, பத்து என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். அதனால் இது ஐந்தாவது ஆகிறது. வசனம் ஒன்றுதான், யாத்திராகமம் 20:13. இரண்டு நிமிடத்துக்கு மேல் இதில் நிற்க வேண்டாம்.

அடுத்தது மனப்பாடம். 1529-இல் வெளிவந்த சிறிய ஞானோபதேசத்தில் ஒவ்வொரு கற்பனைக்கும் பின்னால் “இது என்ன?” என்ற கேள்வி வரும். ஐந்தாவதற்கு லுத்தர் தரும் பதிலின் சாரம் இது: நாம் தேவனுக்குப் பயந்து அவரில் அன்புகூர வேண்டும், அதனால் பிறனுடைய சரீரத்துக்குக் கேடோ துன்பமோ செய்யாமல், அவனுடைய எல்லாச் சரீரத் தேவையிலும் உதவி செய்து அவனை ஆதரிக்க வேண்டும். உங்கள் சபையின் பதிப்பில் உள்ள சொற்களையே படிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு வாசகத்தைக் கொண்டுவந்தால் சேர்ந்து சொல்லவே முடியாது. ஒப்பித்ததும் பதிலை மூன்றாகப் பிரித்துக் காட்டுங்கள்: பயமும் அன்பும், செய்யக்கூடாதது, செய்ய வேண்டியது. முதல் துண்டைப் பிள்ளைகள் அலங்காரச் சொல் என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். பத்துக் கற்பனைகளின் விளக்கங்களும் இந்தப் பயத்திலும் அன்பிலும்தான் தொடங்குகின்றன என்று புரட்டிக் காட்டுங்கள். முதல் கற்பனை மற்ற ஒன்பதுக்குள்ளும் ஓடுகிறது என்பது அப்போது விளங்கும்.

இனி கரும்பலகை. நடுவில் ஒரு சிறு மனித உருவம் வரைந்து, அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். அதே ஆண்டில் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் லுத்தர் இந்தக் கற்பனையை பிறனைச் சுற்றித் தேவன் கட்டிய மதில் என்கிறார். மதிலை எதெதனால் உடைக்கலாம் என்றும் அங்கேயே வரிசைப்படுத்துகிறார்: கை, இருதயம், வாய், சைகை, உதவி, ஆலோசனை. இந்த ஆறையும் வட்டத்துக்கு வெளியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் கேளுங்கள். கைக்கும் வாய்க்கும் உடனே பதில் வரும். சைகையில் கொஞ்சம் தயங்குவார்கள். ஒருவன் உள்ளே வரும்போது மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதைச் சொல்லிக்கொடுங்கள். “உதவி” என்பதற்கு, ஒருத்தியைக் கேலி செய்யும் வீடியோவைக் குழுவில் பகிர்வது. “ஆலோசனை” என்பதற்கு, “அவனைச் சும்மா விடாதே” என்று ஓரமாக நின்று தூபம் போடுவது. தான் கைநீட்டவே இல்லை என்று சொல்லும் பிள்ளை இந்த இடத்தில் அமைதியாகிவிடும்.

உடனே மத்தேயு 5:21-22, 1 யோவான் 3:15 இரண்டையும் வாசியுங்கள். “நியாயமில்லாமல் கோபித்துக்கொள்பவன்” என்ற இடத்தில் யாராவது ஒருவர் நிச்சயம் எழுந்து, “என் கோபம் நியாயமானது ஐயா” என்பார். பல பழைய கையெழுத்துப் பிரதிகளில் “நியாயமில்லாமல்” என்ற அந்தச் சொல் இல்லை, லுத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பிலும் இல்லை. தன் கோபத்துக்கு நியாயம் கற்பிக்காத மனிதன் கிடையாது என்பதால், அந்தச் சொல்லை ஓட்டையாக்கி நழுவ விடாதீர்கள். முதல் வகுப்பு இதோடு முடியட்டும்.

இரண்டாம் வகுப்பில் நாற்பது நிமிடத்தை “உதவி செய்து ஆதரிக்க” என்பதற்கே ஒதுக்குங்கள். தண்ணீரில் தத்தளிப்பவனுக்குக் கை நீட்ட முடிந்தும் நீட்டாதவன் கொலைகாரனே என்று பெரிய ஞானோபதேசம் சொல்கிறது. பசித்தவனுக்குக் கொடுக்காதவன் அவனைப் பட்டினியால் சாகவிட்டவன். இதற்கு ஆதாரம் மத்தேயு 25:42-43. கேட்பதற்கு மிகையாகத் தோன்றும், ஆனாலும் குறைத்துச் சொல்லாதீர்கள்.

இதை நடைமுறையில் காட்ட 1527-இன் கொள்ளைநோய் நல்ல உதாரணம். லுத்தர் வாழ்ந்த விட்டன்பர்க் நகரில் நோய் பரவியபோது அவர் ஊரை விட்டுப் போகவில்லை. ஓடிப்போகலாமா என்று கேட்டிருந்த ப்ரெஸ்லா நகரின் போதகர்களுக்குப் பதில் எழுதினார். போதகர், அதிகாரி, வேலைக்காரர் எனப் பொறுப்பில் உள்ளவர்கள் நிற்க வேண்டும். நோயாளியைப் பார்க்க வேறு ஆள் இருந்து, தன்மேல் பொறுப்பும் இல்லாதவர் போகலாம், அது பாவமல்ல. மருந்தை வேண்டுமென்றே ஒதுக்குவது விசுவாசமல்ல, தேவனைச் சோதிப்பது. தன் நோயைத் தெரிந்தே பிறருக்குக் கொடுப்பவன் கொலைகாரன். வீட்டுக்குப் புகை போட்டு, அவசியமில்லாத இடத்துக்குப் போகாமலிருந்து, பிறனுக்குத் தேவை என்றால் தயங்காமல் போவேன் என்கிறார். துணிச்சல், எச்சரிக்கை இரண்டும் ஒரே கற்பனைக்குக் கீழ்ப்படிவதாக அமைவதைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சொந்த உடம்பைப் பேணுவதும் இதில் அடங்கும் என்பதை அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

போர், மரண தண்டனை பற்றிய கேள்வி வந்தே தீரும். பத்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மற்றவர்களின் பாவத்தைப் பேசுவது சுகமாக இருப்பதால்தான் வகுப்பு அங்கே ஓடுகிறது. பதில் சுருக்கமானது: தனி மனிதனுக்குப் பழிவாங்க உரிமை இல்லை (ரோமர் 12:19), அரசாங்கத்துக்குப் பட்டயம் (வாள்) கொடுக்கப்பட்டிருக்கிறது (ரோமர் 13:4). லுத்தரன் சபைகளின் அடிப்படை அறிக்கையான 1530-இன் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, 16-ஆம் பிரிவில், கிறிஸ்தவர்கள் அரசுப் பொறுப்பு வகிக்கலாம், நியாயமான போரில் ஈடுபடலாம் என்கிறது. அரசு இன்று மரண தண்டனையைப் பயன்படுத்தத்தான் வேண்டுமா என்பதில் லுத்தரன் சபைகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவின் இவாஞ்சலிக்கல் லுத்தரன் திருச்சபை 1991-இல் அதை எதிர்த்து அறிக்கை வெளியிட்டது; அங்குள்ள இன்னொரு லுத்தரன் சபையான மிசூரி சினாடு அரசுக்கு அந்த உரிமை உண்டு என்கிறது. இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். தமிழில் “கொல்லாமை” என்றதும் எல்லா உயிரும் நினைவுக்கு வரும் என்பதால், இறைச்சி உண்ணலாமா என்றும் கேட்பார்கள். ஞானோபதேசம் இங்கே பேசுவது பிறனாகிய மனிதனைப் பற்றி.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. பெற்றோருக்கும் அதிகாரிகளுக்கும் கண்டிக்கும் உரிமை உண்டு என்று லுத்தர் விலக்குச் சொல்வதை, அடிவாங்கும் பிள்ளை “அப்பா அடிப்பது சரி” என்று கேட்டுக்கொள்ளும். மதில் அந்தப் பிள்ளையைச் சுற்றியும் கட்டப்பட்டிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். யாராவது வந்து அடி, வதை பற்றிப் பேசினால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றக்கூடியவர்களிடம் கொண்டுபோக வேண்டியிருக்கும். அடுத்தது தற்கொலை. வீட்டில் ஒருவரை அப்படி இழந்த பிள்ளை வகுப்பில் இருக்கலாம். இறந்தவரின் முடிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சாக நினைப்பவரைத் தனியே விடாமல் உடனே உதவி தேடுவது “ஆதரிக்க” என்பதில் சேரும் என்று மட்டும் சொல்லுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் வெள்ளைத்தாள். பாவ அறிக்கையைப் பற்றிய பகுதியில், உன் சொல்லாலோ செயலாலோ யாரையாவது புண்படுத்தினாயா என்று சிறிய ஞானோபதேசம் கேட்கிறது. ஒரு பெயரை, முதலெழுத்தை மட்டும், எழுதச் சொல்லுங்கள். தாளை வாங்காதீர்கள், பார்க்கவும் வேண்டாம். வாங்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால் யாரும் உண்மையை எழுதமாட்டார்கள். “இனிமேல் நல்லபடி நடப்போம்” என்று வகுப்பைக் கலைத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. அப்படிச் செய்தால், மன்னிப்பைச் சொல்லாமல் நியாயப்பிரமாணம் (தேவனுடைய கட்டளை) மட்டும் பேசி முடித்ததாகிவிடும். பிள்ளை தாளோடு குற்ற உணர்வையும் வீட்டுக்குக் கொண்டுபோகும். போதகரை முன்கூட்டியே வரச்சொல்லி, பொதுப் பாவ அறிக்கையும் மன்னிப்பின் வார்த்தையும் கேட்ட பிறகு தாளைக் கிழிக்கச் சொல்லுங்கள். அந்த முதலெழுத்துக்குரிய ஆளிடம் அந்த வாரத்திலேயே ஓர் உதவி செய்வதுதான் வீட்டுப்பாடம்.