வகுப்பில் கற்ற கராத்தே தெருவில் எடுபடுமா? எடுபட வைப்பது எப்படி?

என் வலது கையை மடக்கினால் சுண்டுவிரல் முட்டி மட்டும் உள்ளே அமுங்கியிருக்கும். என் கராத்தே வகுப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுவேன். பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய பிரவுன் பெல்ட் வாங்கி எட்டு மாதத்தில் கிடைத்தது. ராத்திரி நேரம், வண்டி நிறுத்துமிடம். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒருவர்மேல் லேசாக இடித்துவிட்டேன். அவர் கத்தினார், நானும் விடவில்லை. சட்டையைப் பிடித்தார். ஆறு வருடமாகப் போட்ட கட்டாக்களில், அதாவது தனியாகச் செய்து பழகும் அடவு வரிசைகளில், ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கண்மண் தெரியாமல் ஓங்கி ஒரு குத்து விட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார், குத்து நெற்றியில் விழுந்தது. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு போய்விட்டார். எனக்கு நாலு வாரம் மாவுக்கட்டு. எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. "யாரை அடிச்சீங்க?" என்றுதான் கேட்டார்.

கையுறை போட்டுப் பேடில் குத்திக் குத்தி, கை உடையும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. வெறுங்கையால் தலையைக் குத்தாதீர்கள். மண்டையோடு விரல் எலும்பைவிடக் கெட்டி. அடித்தே ஆக வேண்டும் என்றால் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தாடையையோ மூக்கையோ இடியுங்கள். மணிக்கட்டு தப்பும், விரல்களும் தப்பும்.

அப்படியானால் வகுப்பில் கற்றதெல்லாம் வீணா? இல்லை. எதைப் பழகினோம் என்பதைவிட எப்படிப்பட்ட ஆளிடம் பழகினோம் என்பதுதான் கணக்கு. ஜிகோரோ கானோ 1882-ல் ஜூடோவைத் தொடங்கியபோது, ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையின் ஆபத்தான அடிகளை ராண்டோரி என்ற தடையில்லாப் பயிற்சியிலிருந்து ஒதுக்கி, கட்டாவில் மட்டும் வைத்தார். அதனால்தான் அவருடைய மாணவர்களால், விழமாட்டேன் என்று மல்லுக்கு நிற்கும் ஆளைத் தினமும் முழு பலத்தோடு தூக்கிப் போட்டுப் பழக முடிந்தது. "எங்க கலை ரொம்பக் கொடியது, அதனால ஸ்பாரிங், அதாவது நேருக்கு நேர் மோதிப் பழகுறது, பண்றதில்லை" என்று ஒரு மாஸ்டர் சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். கண்ணைக் குத்தும் உத்தியை நிஜமாக யாரும் பழகியிருக்க முடியாது. பழகாதது பதற்றத்தில் வராது.

சரி, வகுப்பில் எதை மாற்றுவது? வழக்கமாக ஜோடி சேர்ந்து பழகும்போது எதிராளி ஓரடி முன்னால் வைத்து நேராக ஓய்-சுகி என்ற குத்தை விடுவார், விட்ட கையை அப்படியே நீட்டியபடி நிற்பார். தெருவில் அப்படிக் கை நீட்டி நிற்கும் புண்ணியவானை நான் பார்த்ததில்லை. அங்கே நடப்பது வேறு: நெஞ்சில் ஒரு தள்ளு, இடது கையால் காலரைப் பிடித்துக்கொண்டு வலது கையால் நிறுத்தாமல் சுழற்றிச் சுழற்றி வீச்சு. அதையே பழகுங்கள். எதிராளிக்குக் கையுறை, உங்களுக்குத் தலைக்கவசமும் மவுத் கார்டும். அவர் காலரை விடக் கூடாது, வீசுவதையும் நிறுத்தக் கூடாது. நீங்கள் இரண்டு முன்னங்கைகளாலும் தலையை மூடிக்கொண்டு பின்வாங்காமல் உள்ளே புக வேண்டும். ஒட்டிக் கட்டிப் பிடித்துவிட்டால் அவருடைய வீச்சுக்கு வேகம் இருக்காது. அப்புறம் அவரைத் திருப்பித் தள்ளிவிட்டு வாசல் பக்கம் ஓடுங்கள். ஓடி வாசலைத் தொட்டால்தான் அந்தச் சுற்று முடிந்தது. கீ என்ற கராத்தே சீருடையைப் போட்டுக்கொண்டே செய்யாதீர்கள், ஜீன்ஸும் ஷூவும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். முப்பது வினாடிக்குள் பிளாக் பெல்ட்டுக்கே மூச்சு வாங்கும்.

தரையில் புரள்வதைப் பற்றி ஒரு வார்த்தை. 1993 நவம்பரில் நடந்த முதல் யுஎஃப்சி என்ற கூண்டுச் சண்டைப் போட்டியில் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைத் தரைப்பிடியில் வென்றார். அதற்குப் பிறகு தரைச் சண்டை தெரியாதவன் சண்டைக்காரனே இல்லை என்றாகிவிட்டது. கற்றுக்கொள்ளுங்கள், நானும் கற்றேன். ஆனால் அங்கே கூண்டுக்குள் இருந்தது இரண்டு பேர், நடுவில் ஒரு நடுவர். தெருவில் நீங்கள் ஒருவன் கையை மடக்கிக்கொண்டு கிடக்கும்போது அவனுடைய கூட்டாளியின் கால் சும்மா இருக்காது. தரையில் எப்படி ஜெயிப்பது என்பதைவிட, தரையிலிருந்து எப்படிச் சட்டென்று எழுவது என்பதை அதிகம் பழகுங்கள்.

இனி உடம்பு செய்யும் துரோகம். அட்ரினலின் ஏறியதும் கை நடுங்கும், தொடை உதறும், பக்கவாட்டில் இருப்பது தெரியாது, சத்தம் தூரத்தில் கேட்பதுபோல் இருக்கும். மணிக்கட்டைப் பிடித்து முறுக்கும் நுணுக்கமெல்லாம் அப்போது கைகொடுக்காது. தேர்ந்தெடுக்க வழிகள் கூடக்கூட மூளை பதில் தர எடுக்கும் நேரமும் கூடும் என்று ஹிக் என்ற ஆய்வாளர் 1952-லேயே காட்டினார். நாற்பது உத்தி தெரிந்தவன் திகைத்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். மூன்று போதும்: தலையை மூடுவது, உள்ளங்கையால் இடிப்பது, தள்ளிவிட்டு விலகுவது.

இதைப் பழக நான் வைத்திருக்கும் பயிற்சி இது. மாணவனை மூச்சு முட்ட ஓடவிட்டு, கண்ணை மூடி நாலு சுற்றுச் சுற்றச் சொல்வேன். கண்ணைத் திறக்கும்போது எதிரே ஒருவர் வருவார். சில தடவை தள்ளுவார், சில தடவை "மணி என்ன தம்பி?" என்று மட்டும் கேட்பார். மணி கேட்டவரை அடித்தால் தோல்வி. எங்கள் வகுப்பில் மணி கேட்டதற்கு மூக்கில் வாங்கியவர்கள் இதுவரை மூன்று பேர், அதில் நானும் ஒருவன்.

சண்டையின் பெரும்பகுதி முதல் அடிக்கு முன்பே முடிந்துவிடும். அதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. ஒருவர் எகிறிக்கொண்டு வரும்போது குமிதே நிலையில், அதாவது மோதத் தயாராக நிற்கும் கராத்தே நிலையில், நிற்காதீர்கள், அது அழைப்பு வைப்பதுபோல. ஒரு காலை அரையடி பின்னால் வையுங்கள். இரண்டு கைகளும் நெஞ்சு உயரத்தில், விரல்கள் விரிந்து, உள்ளங்கை அவரைப் பார்த்து இருக்கட்டும். பார்க்கிறவருக்குக் கெஞ்சுவதுபோலத் தெரியும், உங்களுக்கோ அதுவே காவல். அவர் கை எட்டும் தூரத்துக்கு இன்னும் ஓரடி வெளியே நில்லுங்கள். எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு சைகைக்கே கண் பார்த்துக் கை அசைய ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். பக்கத்திலிருந்து வரும் குத்தைப் பார்த்துத் தடுக்க அது போதாது.

வாயையும் பழக்க வேண்டும். "தப்பு என்மேலதான் சார், மன்னிச்சுக்கோங்க" என்பதை ஜோடி ஜோடியாக நிற்க வைத்துச் சொல்லச் சொல்கிறேன். எதிரே இருப்பவர் கண்டபடி திட்டுவார். வெள்ளை பெல்ட்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள், பெரிய பெல்ட்காரர்களுக்குத்தான் நாக்கு எழாது. அதற்கும் மசியாதவர் என்றால் "எனக்குச் சண்டை வேண்டாம்" என்று நாலு பேருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டே பின்னால் நகருங்கள். பின்னாளில் சாட்சி சொல்லப்போவது அந்த நாலு பேர்தான்.

கத்தி என்றால் என் பாடம் மிகச் சின்னது. டென்னிஸ் டூலர் என்ற அமெரிக்கக் காவல் பயிற்சியாளர் 1983-ல் எழுதியது: சராசரி ஆள் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான். நம்ப மறுக்கும் மாணவர்களிடம் கத்திக்குப் பதிலாக மார்க்கர் பேனாவைக் கொடுத்து, நான் வெள்ளை டீ-சர்ட் போட்டுக்கொண்டு நிற்பேன். சென்ற முறை பத்து வினாடியில் என் மேல் பதினோரு கோடுகள். இரண்டு கழுத்தில். பேனாவைப் பிடுங்கத்தான் செய்தேன், பதினோராவது கோட்டுக்குப் பிறகு. பர்ஸைத் தூர எறிந்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள்.

விழுந்தவனை அடிக்காதீர்கள். ஆபத்து நின்ற பிறகு விழும் அடியைத் தற்காப்பு என்று சட்டமும் ஏற்காது. அதைவிடப் பயங்கரம் ஒன்று இருக்கிறது: ஒரே குத்தில் மயங்கிச் சாய்கிறவன் பின்மண்டை சிமென்ட் தரையில் மோதிச் செத்துப்போவது உண்டு. குத்தைவிடத் தரைதான் கொல்கிறது. அதனால் விழக் கற்பதை, அதாவது உக்கேமியை, முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுவேன். இருபது வருடத்தில் வெளியில் எனக்கு அதிகம் பயன்பட்டதும் அதுதான். எல்லாம் ஈரப் படிக்கட்டில்.

விழப் பழக, பாய் மேல் குந்தி உட்காருங்கள். ஒரு கைக்குட்டையை மடித்துத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்ளுங்கள். முதுகை வளைத்துப் பின்னால் உருண்டு, இரண்டு கைகளாலும் தரையை ஒரே நேரத்தில் அறையுங்கள். கைக்குட்டை நழுவினால் தலை தரையில் பட்டிருக்கும் என்று அர்த்தம். எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி. ஐம்பது தடவை நழுவாமல் வந்தால் நின்றபடி விழலாம்.