குடியை விட்டால் வலிப்பு: என் அனுபவம்
களுவாஞ்சிக்குடியில் இருக்கும் அண்ணன் சாராயத்தை விடும்போதெல்லாம் மறுநாளே கை நடுங்கி வியர்த்துக் கொட்டும். ஒருமுறை வலிப்பும் வந்தது. கோயிலில் நூல் கட்டினோம், தனியார் கிளினிக்கில் சேலைன் ஏற்றினார்கள்; பலனில்லை.

அண்ணிதான் கவனித்தா: குடித்த நாளில் நடுக்கமே இல்லை, விட்ட நாளில்தான்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவில் இதைச் சொன்னதும் டொக்டர் காரணத்தைப் பிடித்துக்கொண்டார். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம், பிறகு பிதற்றலும், உயிரே போகலாமாம். வார்டில் வைத்து, நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயசிபாம் மருந்து கொடுத்து, அதன் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். கூடவே தயமின், அதாவது விட்டமின் பி1 ஊசி.

அப்புறம் டைசல்பிராம் மாத்திரை; இதைப் போட்டுக்கொண்டு குடித்தால் வாந்தி, படபடப்பு வரும், அதனால் குடிக்க மனம் வராது. அதைப் போடுபவருக்கு அற்ககோல் கலந்த இருமல் பாணிகூட ஆகாது, போத்தல் லேபலைப் பாருங்கள். மாத்திரையைத் தினமும் அண்ணியே கையில் கொடுக்கிறா. இப்போதுதான் வீட்டில் நித்திரை.