லைசென்ஸ் முடங்கிய மூன்று மாதத்தில் குடிக்கு வைத்தியம் பார்க்கும் வழி

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேஸ் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் வரும். ஸ்பாட் ஃபைனோடு முடியாது, கோர்ட்டுக்குப் போக வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. லைசென்ஸ் மூன்று மாதம் முடங்கும். மறுபடி மாட்டினால் ரத்து.

முடங்கிய லைசென்ஸைத் திரும்ப வாங்க ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சி முடிக்க வேண்டும். அது ஓட்டுவதற்கான பயிற்சிதான், குடிக்கு வைத்தியம் இல்லை. 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டப்படி ஒருவரை விடுவிக்கும்போது, போதை தொடக்கூடாது என்று நீதிபதி நிபந்தனை போடலாம். அதுவரை காத்திருக்காதீங்க. இப்போதே சிகிச்சையைத் தொடங்கி, ஓபி சீட்டை வக்கீலிடம் கொடுத்து வையுங்க.

கோவை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446-ஐக் கூப்பிடுங்க, கட்டணம் இல்லை. டாக்டரிடம் அளவைக் குறைத்துச் சொல்ல வேண்டாம்: ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், காலையில் கை நடுங்குகிறதா, முன்பு வலிப்பு வந்ததா. மாத்திரை அளவு இதை வைத்துத்தான் முடிவாகும்.

காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், மாலை போட்டோ கோயிலில் சத்தியம் செய்தோ ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. வேண்டுதல் இருக்கட்டும், ஆனால் முதலில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்க. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் உடம்பெல்லாம் வேர்த்து, போர்வையைப் பிய்த்துக்கொண்டு, இல்லாத ஆளோடு பேசவும் செய்யலாம். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போய் நேரத்தை விட்டவர்கள் உயிரையே இழந்திருக்கிறார்கள். உடனே 108. ஆஸ்பத்திரியில் பி1 ஊசி போட்டு, நடுக்கத்துக்கான மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்து, பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் இந்தக் கட்டத்தைத் தாண்ட வைப்பார்கள். கவுன்சிலிங் அதற்குப் பிறகுதான் மண்டையில் ஏறும்.

"குடியை மறக்க வைக்கும் பொடி" என்று குழம்பில் கலந்து கொடுக்கவே கூடாதுங்க. டைசல்ஃபிரம் போன்ற மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். அந்த மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை இருக்கும். அவர் சம்மதத்தோடு, ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை பார்த்து, டாக்டர் கொடுக்க வேண்டிய மருந்து அது.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு, முந்தின ராத்திரி குடித்ததுக்கு லாரிக்காரர்கள் காலையில் மாட்டலாம். 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். 65 கிலோ ஆளுக்கு அது ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்குக் கீழே இறங்க சுமார் ஏழு மணி நேரம் பிடிக்கும். இரண்டு குவார்ட்டர் என்றால் பதினாறு. தூங்கினாலும், மோர், எலுமிச்சை, காப்பி எது குடித்தாலும் அந்த நேரம் குறையாது. அன்றைக்கு லோடை வேறு டிரைவருக்கு மாற்றி விடுங்க.